ஜன்னலோரக் கட்டில்

2008 தை மாதம். சிதம்பரத்தில் மூன்றே கட்டில் போட்ட அந்த நர்சிங் ஹோமில், மதியம் இரண்டு மணிக்கு லோகநாயகி தன் மகள் சுவேதாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து சேர்த்தாள். காலையில் குடத்தைத் தூக்கியபோது அடிவயிற்றில் சுருக்கென்று பிடித்த வலி, விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. இரண்டு தடவை வாந்தி. சூட்டு வலி என்று தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவியே ஐந்து மணி நேரத்தைத் தொலைத்திருந்தாள் தாய்.

நர்ஸ் புஷ்பவள்ளி அவளை நடுக்கட்டிலில் படுக்கவைத்தாள். ஜன்னலோரக் கட்டிலை யாருக்கும் கொடுப்பதில்லை. போன வருஷம் இதே வலியோடு வந்த பெண் அதில்தான் செத்துப்போனாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் மங்கலம் சுற்றி வளைக்கவில்லை.

"ஓவரி, அதான் சினைப்பை, முறுக்கிக்கிச்சு, ரத்தம் போகல. இப்பவே ஆபரேஷன் பண்ணி முறுக்க எடுத்துட்டா பொழைக்கும். ஒண்ண சின்ன வயசுலயே எடுத்துட்டாங்கன்னு சொல்றீங்க. இதுவும் போச்சுன்னா இவளுக்குப் புள்ளயே பொறக்காதும்மா."

அந்தப் பழைய ஆபரேஷன் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம்.

"இன்னொரு தையல எப்படிங்க மறைப்பேன்?" என்றாள் லோகநாயகி. "இவ அப்பா நெல்லிக்குப்பத்துக்குக் கரும்பு லோடு ஏத்திக்கினு போயிருக்காரு. வரட்டும்."

"அக்கா, நேரம் ஜாஸ்தியானா அது அழுகிடும்க்கா," என்று கெஞ்சினாள் புஷ்பவள்ளி. லோகநாயகி அசைந்துகொடுக்கவில்லை. அவளைப் பிடித்து உலுக்கலாம்போல் புஷ்பவள்ளிக்கு ஆத்திரம் வந்தது.

சுவேதா முழங்காலை மடக்கிக்கொண்டு முனகினாள்.

ஜன்னலோரத்திலிருந்தும் ஒரு முனகல் வந்தது.

புஷ்பவள்ளி திரும்பிப் பார்த்தாள். காலிக் கட்டில். காலையில் இழுத்துச் செருகிய விரிப்பின் நடுவே, ஆள் சுருண்டு படுத்தது மாதிரி ஒரு பள்ளம். டெட்டால் வாசனையை மீறிப் புளித்த வாந்தி நாற்றம் அடித்தது.

சுவேதா முனகும்போதெல்லாம் அதுவும் முனகியது.

நாலரை மணிக்கு இரண்டு முனகலும் ஒன்றாக நின்றன.

"வலி போயிடுச்சும்மா," என்றாள் சுவேதா.

லோகநாயகி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியா? வெளக்கெண்ண கேட்டுடுச்சு. வீட்டுக்குப் போயிடலாம்."

போன வருஷத்துப் பெண்ணும் இதைத்தான் சொன்னாள். வலி நின்றது என்று வீட்டுக்குப் போனவள், மூன்றாம் நாள் அனலாய்க் கொதிக்கும் காய்ச்சலோடு திரும்பி வந்தாள்.

தகப்பன் வந்து கையெழுத்துப் போட்டபோது மணி ஆறு. டாக்டர் முறுக்கைப் பிரித்துவிட்டுக் காத்திருந்து பார்த்தார். ஓவரியின் நிறம் மாறவே இல்லை. கறுத்துக் கொழகொழத்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. ட்ரேயில் போட்டுவிட்டுத் தையல் போட்டார். வெளியே லோகநாயகி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மயக்கம் தெளிந்த சுவேதா புஷ்பவள்ளியின் கையைப் பிடித்தாள்.

"ஜன்னல்கிட்ட ஒரு அக்கா, மடியில என்னமோ வச்சுத் தாலாட்டறாங்க. அது என்னுதுன்னு சொல்றேன், குடுக்க மாட்டேங்கறாங்க."

காலிக் கட்டில் மெல்லக் கிரீச்சிட்டு ஆடிக்கொண்டிருந்தது.

புஷ்பவள்ளி ஆபரேஷன் அறைக்கு ஓடினாள். ட்ரேயில் ரத்தம் இருந்தது. அது இல்லை.