வலி போன இடம்

அந்த டாக்டரைப் பற்றி ஒருவர்கூட ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் அக்காவுக்கு முதலில் உறுத்தியது.

அவள் கட்டுமானக் கம்பெனி ஒன்றில் சாமான் வாங்கும் பிரிவில் இருந்தாள். ஒரு மூட்டை சிமெண்ட் என்றாலும் ஏற்கெனவே வாங்கியவர்களிடம் குடைந்து குடைந்து கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள்; கேட்டால் யாராவது ஏதாவது முணுமுணுப்பார்கள், எவ்வளவு நல்ல சரக்கிலும் ஒரு நொட்டை இருக்கும். இந்த டாக்டரிடம் முக நரம்புக்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மதிய இடைவேளையில் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து வரிசையாகப் போன் போட்டாள். எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். "வலி சுத்தமா இல்லைங்க." எதைக் கேட்டாலும் அதே பதில். அதில் ஒருவர் பேசும்போது பின்னால் ஏதோ இடித்துக்கொண்டே இருந்தது. மெத்தென்று, அவசரமில்லாமல், சுவரில் தலையணையை மோதுவதுபோல.

"வீட்டுல ஏதாவது வேலை நடக்குதா?" என்று கேட்டாள்.

இடி நின்றது. "இல்லையே," என்றார் அவர். மறுபடி தொடங்கியது.

வேறு விஷயமாக இருந்திருந்தால் அத்தோடு கைகழுவியிருப்பாள். ஆனால் வீட்டில் தம்பி இருந்தான்.

தம்பியின் வலது கன்னத்துக்குள் ஒரு நரம்பு கெட்டுப்போயிருந்தது. காற்று பட்டால் வலி, தண்ணீர் பட்டால் வலி, வாயைத் திறந்தால் பழுக்கக் காய்ச்சிய கம்பியைக் காதிலிருந்து தாடைவரை இழுத்தாற்போல வலி. முதலில் பார்த்தவர் பல்தான் காரணம் என்று நல்ல பற்களைப் பிடுங்கிப் போட்டார். அடுத்தவர் கொடுத்த மாத்திரையில் அவன் பகலும் இரவும் தெரியாமல் கிடந்தான். அதற்கடுத்தவர் தலையைத் திறக்க வேண்டும் என்றார்; அவரிடம் போன ஒருவர் காது கேட்காமல் திரும்பி வந்ததை அக்கா விசாரித்துத் தெரிந்துகொண்டாள். பாலைக் குழல் வைத்து உறிஞ்சியே தம்பி எலும்பும் தோலுமாகிவிட்டான். பேச முடியாததால் எழுதிக் காட்டினான்: 'யாரா இருந்தாலும் பரவாயில்லக்கா. சீக்கிரம்.'

இந்த டாக்டர் கன்னத்தின் வழியே ஓர் ஊசியைச் செலுத்தி நரம்பைச் சுட்டுவிடுவார். அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். அவருடைய படிப்பு, பதிவு எண், முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் அவள் சரிபார்த்தாள், அப்பழுக்கில்லை. நேரில் போய்த் தம்பியின் வலியை அவள் விவரித்தபோது, மற்ற டாக்டர்களைப்போல இடையில் வெட்டாமல் கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார். அடுப்படியிலிருந்து வரும் வாசனையைப் பசித்தவன் இழுப்பதுபோல மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டார். இவ்வளவு பொறுமையான டாக்டரைப் போய்ச் சந்தேகப்படுகிறோமே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

அன்று சாயங்காலம் ஒரு பெண் அவளைத் திருப்பி அழைத்தாள். டாக்டரிடம் குணமான சலூன்காரர் ஒருவரின் மனைவி. "போன்ல எதுவும் கேக்காதீங்கம்மா. நேர்ல வந்து பாருங்க."

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அக்கா போனாள்.

கீழே சலூன், மேலே வீடு. சலூன் கதவு இறக்கிப் பூட்டியிருந்தது. மாடியில் கதவைத் திறந்த மனைவி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கைப்பையை வாங்கி வெளியிலேயே ஆணியில் மாட்டினாள். உள்ளே புண்ணுக்குப் போடும் மருந்தின் நெடி; அதற்கும் அடியில், அழுகத் தொடங்கிய பழம்போல லேசான இனிப்பு நாற்றம். மேஜையின் மூலைகளிலெல்லாம் பழந்துணி சுற்றிக் கட்டியிருந்தது. ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் அட்டை. அரைகுறை வெளிச்சத்தில் நாற்காலியில் சலூன்காரர் உட்கார்ந்திருந்தார். முகத்தில் மாதக்கணக்கில் வளர்ந்த தாடி. இரண்டு கைகளிலும் தடித்த கம்பளி உறை, மணிக்கட்டில் முடிச்சுப் போட்டு.

"உக்காருங்கம்மா," என்றார் அன்பாக.

"இப்ப வலி எப்படிங்க இருக்கு?"

"சுத்தமா இல்லைங்க."

சிரித்தார். அவர் கண் அவள் முகத்தில் நிற்கவில்லை. கழுத்துக்கு இறங்கி, தோளுக்குப் போய், புடவையைக் குத்தியிருந்த ஊக்கில் நின்றது.

"அந்த ஊக்கைக் கொஞ்சம் குடுங்களேன்," என்றார். "பாத்துட்டுத் தந்துடுறேன்."

மனைவி சட்டென்று இருவருக்கும் நடுவில் வந்து நின்று, அக்காவின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப்போனாள். அங்கே கத்தி இல்லை, அரிவாள்மணை இல்லை. கையால் கிழித்த காய்கறி ஒரு தட்டில் கிடந்தது.

"முகம் மரத்துப்போச்சா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"முகத்தோட போயிருந்தா சமாளிச்சிருப்பேன். உடம்பு முழுக்கப் போயிடுச்சும்மா. டாக்டர் சொன்னதுல பொய்யே இல்ல, வலி போயிடுச்சு." அவள் குரல் இன்னும் தாழ்ந்தது. "ஆனா அது எங்க போச்சுன்னு இவரு தேடுறாரு. அது இல்லாம இவரால இருக்க முடியல."

"டாக்டர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாரு."

முன்னறையில் சத்தம் கேட்டது. மெத்தென்று. அவசரமில்லாமல். சுவரில்.

பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கும்போதுதான் போனைப் பார்த்தாள். அம்மாவிடமிருந்து வரிசையாக அழைப்புகள். திருப்பிப் போட்டாள்.

"எத்தனை தடவைடி கூப்பிடுறது?" அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "காலையில டாக்டரே போன் பண்ணி, இன்னைக்கு ஒரு இடம் காலியா இருக்கு, கூட்டிட்டு வாங்கன்னாரு. நீ விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள இவன் உசிரு போயிடும்னு நானே கூட்டிட்டுப் போயிட்டேன். முடிஞ்சுது. வீட்டுக்கும் வந்துட்டோம்."

அக்கா மீதிப் படிகளைத் தாவி இறங்கினாள். "அவன் என்ன பண்றான்?"

"சாப்பிடுறான்டி. வாய் நிறையச் சாப்பிடுறான்."

"அம்மா, வீட்டுல இருக்கற கத்தி, பிளேடு எல்லாத்தையும் எடுத்து ஒளிச்சு வை."

"என்னடி உளர்ற? நீ வா முதல்ல."

ஆட்டோ கிடைக்கவில்லை. ஓடினாள். பஸ் ஏறினாள். இறங்கி மறுபடி ஓடினாள்.

வீட்டு வாசலில் நின்று காதைக் கொடுத்தாள். முனகல் இல்லை. எத்தனையோ மாதமாகக் கேட்டுப் பழகிய முனகல் இல்லாமல் வீடு யாருடைய வீடோபோல இருந்தது. செருப்போடு சமையலறைக்குள் போனாள். கத்தி இருந்தது. கத்தரிக்கோல் இருந்தது. அரிவாள்மணை இருந்தது. எல்லாவற்றையும் வாரிப் பரணில் எறிந்தாள். அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள். நேரத்தோடு வந்துவிட்டோம்.

சாப்பாட்டு மேஜையில் அம்மாவும் தம்பியும் இருட்டத் தொடங்கியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாருடி, எவ்வளவு ஆசையா மெல்றான். அப்பலேர்ந்து மெல்றான்."

தம்பியின் தாடை அசைந்துகொண்டிருந்தது. மேலும் கீழும். நிதானமாக. ஈரமான சத்தம்.

தட்டைப் பார்த்தாள். தட்டு காலி. வழித்துத் துடைத்த தட்டு.

விளக்கைப் போட்டாள்.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். உதட்டோரத்திலிருந்து மோவாய்வரை சிவப்பு. சட்டை நெஞ்சு முழுக்கச் சிவப்பு. வலது கன்னம் உள்ளே ஒட்டிப்போயிருந்தது. வாய் கோணச் சிரித்தான்.

"இங்கதான்க்கா இருந்துச்சு," என்றான், குழறலாக.

மறுபடி மெல்லத் தொடங்கினான்.