காலி மனைகள் இழுத்த கரண்ட்

பிற்பகல் மூன்று மணிக்கு, வீட்டு வண்டிகளை நிறுத்தித் தங்கும் அந்த முகாமில் வெர்னாவின் டிரெய்லரைத் தவிர வேறு வண்டி கிடையாது. ஆனாலும் உள்ளே சுவரிலிருந்த மீட்டர், நூற்று இருபது வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் நூற்றெட்டு காட்டியது.

வெளியே படியோரம் வைத்திருந்த வோல்டேஜ் பூஸ்டர் 'டக்'கென்று விழித்து உறுமத் தொடங்கியது. எண் நூற்றுப் பதினெட்டுக்கு ஏறியது. தொய்ந்திருந்த ஏசியின் குரல் நிமிர்ந்தது. முகாம் நிரம்பி எல்லோரும் ஒரே நேரத்தில் ஏசி போட்டால் வோல்டேஜ் இப்படிப் படுத்துக்கொள்ளும். பதினொரு வருடமாக இந்த வண்டியில் குடித்தனம் நடத்துகிறவளுக்கு அது புதிதல்ல. ஆனால் ஜன்னலுக்கு வெளியே மேற்கு டெக்சாஸின் ஜூலை வெயில் சரளைக்கல்லை வறுத்துக்கொண்டிருந்தது. வரிசை வரிசையாகக் காலி மனைகள். ஒவ்வொன்றிலும் வண்டிக்குக் கரண்ட் தரும் ஒரு மின்பெட்டி மட்டும்.

சாய்வு நாற்காலியில் அவள் கணவன் கர்டிஸ், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு. எழுந்து நிற்க முடியாமல் போய் எட்டு மாதம். குழாயின் மறுமுனையிலிருந்த மெஷின் கரண்டில்தான் ஓடியது.

"அப்பவே சொன்னேன்ல, நான் ரொம்ப கரண்ட் இழுக்கற ஆளுன்னு," என்றான்.

"பேசாம மூச்ச விடு."

தூரத்துக் கடைசி மனைப் பக்கம் ஒரு ஏசி கிளம்பும் சத்தம் கேட்டது. இரும்பு விசிறி மெல்லத் திரும்பி, வேகம் பிடித்து, ஒரே சீராக ஓடுகிற சத்தம். மீட்டர் ஒரு எண் இறங்கியது. சற்று நேரத்தில் இன்னொன்று, கொஞ்சம் அருகில். பிறகு இன்னொன்று. பூஸ்டர் தூக்கத் தூக்க, எதிர்ப்பக்கம் இழுப்பு கூடியது.

வெர்னா மேனேஜர் ராய்ஸுக்குப் போன் செய்தாள்.

"வோல்டேஜ் இறங்கிட்டே போவுது. யாரு வந்திருக்காங்க?"

"உங்களத் தவிர ஒரு ஈ காக்கா இல்ல மேடம்."

"அப்போ இழுக்கறது யாரு?"

ராய்ஸ் குரலைத் தாழ்த்தினான்.

"இப்ப எவ்வளவு காட்டுது?"

"நூத்தி ரெண்டு."

"நூறுக்குக் கீழ போறதுக்குள்ள கெளம்பிடுங்க. ஒரு கோடையில எடம் பூரா ரொம்பியிருந்துச்சு. இதே மாதிரி வெயிலு. கரண்ட் போயிட்டு ரெண்டு நாளா வரல. வண்டிக்குள்ள இருந்தவங்க ஒருத்தரும் பொழைக்கல. நான் ஊர்ல இல்ல மேடம். சத்தியமா நான் ஊர்ல இல்ல." போன் துண்டிக்கப்பட்டது.

வெர்னா கைக்கடக்கமான சிலிண்டரைத் திறந்து, குழாயை மெஷினிலிருந்து அதற்கு மாற்றினாள். "கெளம்பறோம். பிளக்க உருவிட்டு வந்துடறேன்."

"மெதுவா பண்ணு. எனக்கு ஒண்ணும் ஆவல," என்றான் கர்டிஸ்.

வெளியே அனல் முகத்தில் அறைந்தது. இப்போது முகாம் முழுக்க ஏசிகளின் இரைச்சல், பார்க்குமிடமெல்லாம் வெறும் சரளை. பக்கத்து மனையில் ஏதோ சொட்டியது. ஏசியிலிருந்து வடிகிற தண்ணீர்தான். ஆள் உயரத்துக்கு மேலே, ஒன்றுமில்லாத காற்றிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழுந்து, வறண்ட தரையில் கறுப்பாக ஊறியது. ஈரக் கம்பளமும் கெட்டுப்போன பாலும் கலந்தது போல ஒரு நாற்றம்.

அவள் மின்பெட்டியை நோக்கி ஓடினாள். மெயின் சுவிட்சைத் தட்டினாள். பிளக் சுட்டது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

வந்துவிட்டது.

பூஸ்டர் அடங்கியது. சுற்றிலும் ஓடிய அத்தனை ஏசியும் ஒரே நொடியில் நின்றன. சொட்டுகூட நின்றது.

ஒன்று மட்டும் நிற்கவில்லை. அவளுடையது.

பிளக் அவள் கையில்தான் இருந்தது. தலைக்கு மேல், டிரெய்லரின் கூரையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சாத்திவிட்டு வந்த கதவு திறந்திருந்தது. உள்ளே கர்டிஸின் குரல், யாரிடமோ.

"தள்ளி நில்லுங்க. எல்லாருக்கும் எடம் இருக்கு."

படியை விட்டு விலகி ஜன்னலில் முகத்தை வைத்தாள். கண்ணாடி ஜில்லென்றிருந்தது.

உள்ளே நெருக்கியடித்து ஆட்கள். வியர்வையில் ஒட்டிய சட்டைகள். வெந்து உரிந்த தோள்கள். எல்லா முகமும் கூரையின் குளிர்காற்றைப் பார்த்து அண்ணாந்திருந்தது, வாய் பிளந்து. நாற்காலியில் ஒரு கிழவி. கர்டிஸின் குழாய் அவள் மூக்கில். அவள் ஒரு மூச்சு இழுத்து, கழற்றி, அடுத்தவனிடம் கொடுத்தாள்.

அந்த வரிசையின் கடைசியில், தன் முறைக்காகக் காத்துக்கொண்டு, கர்டிஸ் நின்றுகொண்டிருந்தான்.