ஒன்பதாவது பேனல்

மின்சாரத்தைத் துண்டித்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். மீட்டரை வைத்துப் பார்த்ததில் இரண்டு தரமும் பூஜ்யம்தான் காட்டியது. அதற்கப்புறம்தான் முதல் பேனலின் கதவைத் திறந்தான். திறந்ததும் உள்ளே ஒரு ரிலே 'டக்' என்று அடித்தது.

ஒரே ஒரு தரம்தான். ரிலே என்பது மின்சாரம் வந்தால் ஒட்டிக்கொள்ளும், போனால் விட்டுவிடும். சொந்த விருப்பம் என்று அதற்கு எதுவும் கிடையாது. ஸ்பிரிங்கில் ஏதாவது சிக்கியிருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பதினாறு வருடமாக இந்த வேலையில் இருப்பவனுக்கு இப்படிப்பட்ட சமாதானங்கள் கைவசம் நிறைய உண்டு.

ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் நிலையம் அது. ஆற்றோரத்தில் தண்ணீரை இழுக்கும் கிணறு. அங்கிருந்து கட்டுப்பாட்டு அறை வரை தரைக்கடியில் முந்நூறு மீட்டருக்கு ஒரு சுரங்கப் பாதை. பாதை நெடுக இடைவெளி விட்டு எட்டு பேனல்கள், ஆளுயர இரும்பு அலமாரிகள். ஒன்பதாவது கட்டுப்பாட்டு அறைக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு ஃபயர்வால் பெட்டியை மாட்ட வேண்டும். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். இந்தப் பக்கம் ஒரு கேபிள், அந்தப் பக்கம் ஒரு கேபிள். கேபிள் வழியாக வரும் கணினிச் செய்தி யாருடையது என்று பார்த்து, எழுதிக் கொடுத்த பட்டியலில் பெயர் இருந்தால் உள்ளே விடும், இல்லாவிட்டால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். சிபாரிசெல்லாம் அதனிடம் எடுபடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பம்புகளை நிறுத்தியிருந்தார்கள். மாலை ஐந்துக்குள் ஓட்டிவிட வேண்டும், தவறினால் ஊர்க் குழாய்களில் காற்றுதான் வரும். கம்பெனி கொடுத்த காகிதத்தில், கட்டுப்பாட்டு அறையில் தொடங்கி ஆற்றை நோக்கிப் போகும்படி எழுதியிருந்தது. அவன் அதைத் திருப்பிப் போட்டான். ஆற்றில் தொடங்கினால் வேலை முடிகிற இடத்தில் கார் நிற்கும், கருவிப் பையைச் சுமந்துகொண்டு அத்தனை தூரம் திரும்பி நடக்க வேண்டாம். அவன் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் அவனுடைய மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. எட்டாம் மாதத்திலேயே, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பிறந்தவன் என்பதால் வீட்டில் வைத்த பெயர் அவசரம். பெயருக்கு ஒரு குறையும் வைக்காமல் வளர்ந்தான். இரண்டு வருடம் வேலையில்லாமல் கிடந்தவனை முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துவிட்டது இவன்தான். அன்று காலை கிளம்பும்போதுகூட மனைவி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கரண்டு வேலை. அவன் கைய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டான். முழுசா கூட்டிட்டு வந்து விடுங்க, அவ்ளோதான்."

பெற்றவர்கள் போன பிறகு அவள்தான் அவனுக்கு எல்லாம். தம்பிக்கு ஒன்று என்றால் அவள் எழுந்திருக்க மாட்டாள் என்பது இவனுக்குத் தெரியும்.

முதல் பெட்டியை மாட்டி, மின்சாரம் கொடுத்து, லேப்டாப்பைச் செருகினான். வாக்கிடாக்கியில் அவசரத்தின் குரல் வந்தது. "வந்துருச்சு மாமா. கெணத்து பம்பு தெரியுது. அடுத்தது போங்க."

பெட்டி யாரை விடுகிறது, யாரை மறுக்கிறது என்று ஐந்து நிமிடம் லேப்டாப் திரையில் பார்க்க வேண்டும் என்பது விதி. பட்டியலில் இருப்பவர்கள் பச்சை வரியாக ஓடினார்கள். நடுவில் ஒரே ஒரு சிவப்பு வரி. யாரோ உள்ளே வரக் கேட்டிருக்கிறார்கள், பெட்டி மறுத்துவிட்டது. அனுப்பியவர் பெயர் வர வேண்டிய கட்டம் மட்டும் காலியாக இருந்தது. பழைய நிலையத்தில் எதையாவது யாராவது எப்போதோ மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அது நாதியில்லாமல் கத்திக்கொண்டிருக்கும். அவன் கதவைச் சாத்தினான். பேனல் அமைதியாக இருந்தது. மற்ற இரும்புப் பெட்டிகளைப் போல வெறும் பெட்டியாக இருந்தது.

இரண்டாவதில், மின்சாரம் போன பிறகு, மூன்று தரம் 'டக்' கேட்டது. சிவப்பு வரிகள் ஒன்பது.

நிலையத்தின் சூப்பர்வைசர், தொந்தியைச் சுமந்துகொண்டு சாவிக் கொத்தோடு கூட வந்த மனிதர், அதைக் கேட்டுச் சிரித்தார். "ஒவ்வொரு பேனல்லயும் ஏதாவது முணுமுணுன்னு இருக்கும் சார். பழைய எடம். நாங்க அத கண்டுக்கறதில்ல, அதுவும் எங்கள கண்டுக்கறதில்ல. கொஞ்சம் கொஞ்சமாத்தான எல்லாத்துலயும் இருக்கு, போய்ட்டுப் போகுது." சாவிக் கொத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, மேலே மரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அதன் பிறகு சுரங்கத்தில் அவன் தனியாக இருந்தான்.

குழல் விளக்குகள் வரிசையாக எரிந்தன, இருட்டு என்று சொல்ல முடியாது. மேலே உச்சி வெயில் அடிக்கிறது என்பதும் தெரியும். ஆனால் சுவர்கள் வியர்த்து, தரையோரமாகத் தண்ணீர் ஒழுகி, ஈரச் சாக்கும் துருவும் கலந்த வாடையோடு, அதற்கும் அடியில் வேறொன்று, நெடுநேரம் பூட்டிய அறையில் பலபேர் தூங்கி எழுந்தது மாதிரி ஒரு மனித வாடை, ஒவ்வொரு பேனலாக அவன் முன்னேற முன்னேறக் கூடிக்கொண்டே வந்தது. நாலாவது பேனலின் கதவில் கை வைத்தபோது காய்ச்சல்காரன் முதுகைத் தொட்டது போலிருந்தது. மின்சாரம் நிறுத்திக் கால் மணி நேரம் காத்திருந்தான். சூடு தணியவில்லை. பெட்டியை மாட்டிக் கதவைச் சாத்திய மறுகணம் இரும்பு சில்லென்று ஆகிவிட்டது. திரும்பிப் பார்த்தான். அவன் முடித்துவிட்டு வந்த மூன்று பேனல்களும் அதேபோல் சில்லென்று, சத்தமில்லாமல் நின்றன. வேலை சுத்தமாகத்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஐந்தாவதில் சிவப்பு வரிகள் ஆயிரத்தைத் தாண்டின.

"மாமா," என்றான் அவசரம் வாக்கிடாக்கியில், "இங்க என் முதுகுக்குப் பின்னாடி இருக்கிற பேனல்ல ஒரே டக்டக். கச்சேரியே நடக்குது. ஏசி வேற வேல செய்யலன்னு நெனைக்கிறேன், புழுங்குது."

"கதவ தொறந்து வச்சுக்கோ. பேனல்ல மட்டும் கைய வைக்காத."

"நீங்க வர்ற வேகத்துக்கு மணி ஆறாயிடும். கடைசி பொட்டி இங்கதான் கெடக்கு. நான் மாட்டினா என்ன?"

"டேய், சொன்னத கேளு."

அவசரம் சிரித்தான்.

ஆறாவது பேனலின் கதவில், விளக்குகளைப் பார்ப்பதற்காகக் கையகலத்துக்கு ஒரு கண்ணாடி இருந்தது. அது உள்பக்கத்தில் பனித்திருந்தது. ஈரம், வேறென்ன என்று சொல்லிக்கொண்டே அவன் பார்த்துக்கொண்டிருந்தபோது பனிப்பு சுருங்கியது. பிறகு விரிந்தது. மறுபடி சுருங்கியது. தன் மூச்சும் அதே தாளத்தில் போய்க்கொண்டிருப்பதை உணர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டான். பனிப்பு அவனுக்காக நிற்கவில்லை.

திரும்பிப் போய்விடலாம். ஆனால் பாதி வேலையில் விட்டுப் போனால் பம்புகளை ஓட்ட முடியாது, கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது? பேனல் மூச்சு விட்டது என்றா? தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. ஆறாவதை முடித்தான். கதவைச் சாத்தியதும் கண்ணாடி துடைத்தது போல் தெளிந்தது.

ஏழாவது பேனலின் கண்ணாடியில் பனிப்புக்கு நடுவே ஒரு வட்டம். நெற்றி ஒன்று அழுந்தியிருந்த தடம். எண்ணெய்ப் பிசுக்கு உட்பட.

அவன் அந்தக் கண்ணாடியைப் பார்க்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு, தடவித் தடவியே திருகுகளை முடுக்கினான். உள்ளே கை விட்டபோது புறங்கையில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. கம்பிதான் என்று நினைத்துக்கொண்டான். அந்த வெதுவெதுப்பு விரலிடுக்கில் நுழைந்து, ஒரு குழந்தை கையைப் பிடித்துக்கொள்வது மாதிரி, பிடித்துக்கொண்டது. கையை இழுத்துக்கொண்டு, கதவைத் தோளால் தள்ளிச் சாத்தி, மின்சாரத்தைக் கொடுத்தான். சில்லென்ற இரும்பு. அமைதி.

எட்டாவதை அவன் எப்படி மாட்டினான் என்பது அவனுக்கே நினைவில்லை. சீக்கிரம், சீக்கிரம் முடித்துவிட்டு மேலே போய்விட வேண்டும் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. லேப்டாப்பைச் செருகியதும் திரை முழுக்கச் சிவப்பு. வரிகள் படிக்க முடியாத வேகத்தில் ஓடின. நாற்பதாயிரம். ஐம்பதாயிரம். ஓட்டத்தை நிறுத்தி ஒரே ஒரு வரியை ஒழுங்காகப் படித்தான். பெயர்க் கட்டம் காலி. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் என்று ஒரு அம்புக்குறி இருக்கும். காலையிலிருந்து அதை அவன் பார்க்கவே இல்லை. வெளியிலிருந்து உள்ளே வரத்தான் யாரும் தட்டுவார்கள் என்று நினைத்திருந்தான்.

அம்புக்குறி ஆற்றைப் பார்த்திருந்தது.

தட்டிக்கொண்டிருந்தது கட்டுப்பாட்டு அறைப் பக்கத்திலிருந்து. எதுவோ, எதுவெதுவோ, ஆற்றுப் பக்கம் திரும்பிப் போகக் கேட்டுக்கொண்டிருந்தது. பெட்டியை மாட்டும்போதெல்லாம் அது அடுத்த பேனலுக்கு ஒதுங்கியிருக்கிறது. திரும்பி வருவதற்குள் இவன் பின்னால் கதவைச் சாத்தியிருக்கிறான். எட்டு கதவு. வீட்டுக்குள் பாம்பு நுழைந்தால் உள்ளறையிலிருந்து வாசலுக்கு விரட்ட வேண்டும். இவன் வாசலில் நின்றுகொண்டு உள்ளறைக்கு விரட்டியிருக்கிறான். ஒன்பது பேனல்களில் கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தது எல்லாம் இப்போது ஒரே பேனலில் இருந்தது.

அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவசரம் உட்கார்ந்திருந்தான்.

"மாப்ள! ஒன்பதாவத தொடாத! எந்திரிச்சு வெளிய வா! கேக்குதா?"

கரகரப்பு. அப்புறம் துண்டு துண்டாக அவன் குரல். "...முடியப் போகுது மாமா... ஆஃப் பண்ணிட்டேன்... ஒரே ஒரு திருகுதான்..."

"தொடாத! மாப்ள, தொடாத!"

எட்டாவது பெட்டியைக் கழற்றிவிட்டால் ஒரு வழியாவது திறக்கும். கையை நீட்டினான். அதே நேரம் திரையைப் பார்த்தான்.

சிவப்பு வரிகள் நின்றிருந்தன.

ஒன்றுகூட இல்லை. பச்சை மட்டும் சாந்தமாக ஓடியது. கேட்பதை அது நிறுத்திவிட்டது. வேறு வழி கிடைத்துவிட்டது.

ஓடினான். லேப்டாப் விழுந்தது. பை விழுந்தது. படி. இன்னொரு படி. முழங்கால் எங்கோ இடித்தது. மேலே பகல் வெளிச்சம் கண்ணில் குத்தியது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் மர நிழலில் சூப்பர்வைசரின் குறட்டை. கட்டுப்பாட்டு அறையின் கதவு சாத்தியிருந்தது. திறந்து வைக்கச் சொன்ன கதவு.

கதவில் பெரிய கண்ணாடி. அது முழுக்கப் பனித்திருந்தது.

உள்ளே அவசரம் நின்றுகொண்டிருந்தான். கண்ணாடியோடு ஒட்டி, நெற்றியை அதில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி. கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்கத் தெரியாதவன் அசையாமல் நின்றான்.

"மாப்ள."

இமை அசையவில்லை. மூச்சு மட்டும் கண்ணாடியில் விரிந்தது. சுருங்கியது.

அவன் நெற்றிக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம் விழுந்தது. அங்கே யாரும் இல்லை. அதற்குக் கீழே ஒன்று. இடுப்பு உயரத்தில் ஒன்று, சின்னதாக. மேலே, இரண்டு ஆள் உயரத்தில் ஒன்று. ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், நெற்றிகள் வந்து கண்ணாடியில் சாய்ந்துகொண்டன.

பூட்டில்லாத கதவு அது. வெளியே நின்ற இவன் கை கைப்பிடியில் இருந்தது. தள்ளினால் திறந்துவிடும்.

இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது.

"மாமா! எங்க இருக்கீங்க? இங்க ஒண்ணும் தெரியல மாமா. ரொம்ப நெருக்குறாங்க. கதவத் தொறங்க, சீக்கிரம்!"

அவசரத்தின் குரல். சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஓடும் அதே குரல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் உதடுகள் மூடியே இருந்தன.

"மாமா, தொறங்க!"

பிறகு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவன் கண்ணைத் திறந்தான். இவனைப் பார்த்தான். வாயைத் திறந்து, மிக மெதுவாக, எல்லாச் சொல்லையும் ஒழுங்காக வைத்துச் சொன்னான்.

"மாமா. வீட்டுக்குப் போகலாம். அக்கா காத்திருப்பா."

வெளியே நின்றவன் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். யாரை உள்ளே வைத்துச் சாத்துகிறான் என்று அவனுக்குத் தெரியவில்லை. வாக்கிடாக்கி அழுதது. கண்ணாடியில் இடமே மிச்சமில்லை. கைகளுக்கு நடுவே கைப்பிடி கீழ்நோக்கித் திரும்பத் தொடங்கியது, மெல்ல, நிதானமாக, எத்தனையோ விரல்களின் பலத்தோடு.