தும்பிகள் எழுந்த மாலை

கதவைத் திறந்த புவனமணி, வாசலில் பெட்டியோடு நின்ற பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் தோளுக்கு மேல் மிதந்துகொண்டிருந்த தும்பியிடம் கேட்டாள். "இது யாரு?"

"உங்கள் இரண்டாவது மகள் நிதிலா. போன தீபாவளிக்கு வந்திருந்தார். கழுத்து வலி இருந்தது, விசாரியுங்கள்" என்றது தும்பி.

"வா அம்மிணி, வா. கழுத்து வலி இப்ப எப்பிடி இருக்குது?" என்று புவனமணி மகளைக் கட்டிக்கொண்டாள்.

நிதிலாவுக்கு இதில் வருத்தம் இல்லை. அந்தக் காலத்தில் யாருக்குமே இல்லை. புவனமணிக்கு அப்போது அறுபது வயதுகூட ஆகவில்லை. மூளையில் ஒரு கோளாறும் கிடையாது. கண்ணும் காதும் சிறகும் கொண்ட அந்தக் கட்டைவிரல் அளவுக் கருவி, ஒவ்வொருவர் தோளுக்கு மேலும் மிதக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நடப்பதையெல்லாம் அது பதிந்து நினைவுக்கிடங்குக்கு அனுப்பிவிடும், கேட்டால் சொல்லும். தனக்கு வேலையில்லை என்று புரிந்துகொண்ட மூளை, எதையும் பிடித்துவைப்பதை மெல்ல மெல்ல விட்டுவிட்டது. தும்பி வருவதற்கு முந்தைய முகங்கள்தான் மக்களின் தலைக்குள் மிச்சம் இருந்தன. நிதிலா என்றால் புவனமணியின் மனதுக்குள் வருவது பள்ளிச் சீருடை போட்ட ஒரு சிறுமிதான்.

நிதிலா தும்பி வைத்துக்கொள்ளவில்லை. அவள் நடனக்காரி. தும்பியோடு பழகிய தோழிகள் மேடை நடுவே நின்று, அடுத்த அடி என்ன என்று தோளைப் பார்த்துக் கேட்டதை அவள் பார்த்திருக்கிறாள்.

அவள் வந்ததற்குக் காரணம், ஊரை இடிக்கப்போகிறார்கள் என்ற செய்தி.

நூற்பாளையத்தில் ஒரு காலத்தில் ஆறு நூற்பாலைகள் ஓடின. இயந்திர மனிதர்கள் வந்ததும் ஐந்து மூடிக்கொண்டன. மனிதக் கைகளை வைத்து ஓட்டிய கடைசி ஆலை கிழக்கு மில். தும்பிகள் வருவதற்கு முன், ஒரு மதியம் அங்கே பஞ்சு பிரிக்கும் கூடத்தில் பற்றிய தீ, நூற்புக்கூடத்துக்குத் தாவியது. பின்கதவு பூட்டியிருந்தது. நிதிலாவின் அக்கா இளவேனியும் அவளோடு வேலை பார்த்த பெண்களும் வெளியே வரவில்லை. அதே கூடத்தில் வேலை பார்த்த புவனமணி, அந்த நேரத்தில் சாப்பாட்டுத் தூக்கை எடுக்க வெளியே போயிருந்தாள். கூரை உருகித் தரையோடு படிந்துவிட்டதால் யாரையும் முழுதாக எடுத்துப் புதைக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மில் தொழிலாளர் குடும்பங்களின் லைன் வீடுகளிலிருந்து பெண்கள் போய் அந்தத் தரையில் விளக்கு வைப்பார்கள். அவர்களுக்கு அது மில் அல்ல, சமாதி.

லைன் வீடுகளை இடித்து, அந்தத் தரையையும் தோண்டிப் பொதுக் கட்டடம் ஒன்று எழுப்பப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. தடுக்க ஒரே வழி நினைவுரிமைச் சட்டம். ஓர் இடத்தை ஆயிரம் பேராவது தும்பியின் உதவியில்லாமல் சொந்தத் தலையில் வைத்திருந்தால் அதை இடிக்கக் கூடாது. லைன் வீடுகளில் மிஞ்சியிருந்தவர்கள் முந்நூறு பேருக்கும் குறைவு. குறையும் எழுநூறுக்கும் மேற்பட்ட பேருக்கு வெளியூர்க்காரர்களின் தலையில் நூற்பாளையத்தைப் புதிதாக ஏற்ற வேண்டும்.

"ஆடி ஏத்துறேன்" என்றாள் நிதிலா.

அவளுக்குப் பின் ஊருக்கு வந்து சேர்ந்த ஜோயல் காட்சிக் கலைஞன். மில்லின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான பழைய படங்களை எங்கோ தேடிப் பிடித்து, கீறல் நீக்கி வைத்திருந்தான். அவற்றில் ஓசை இல்லை. நூற்பு இயந்திரங்களின் நீண்ட வரிசைகளுக்கு நடுவே பெண்கள் போகிறார்கள், வருகிறார்கள். எங்கே நூல் அறுகிறதோ அங்கே குனிகிறார்கள், விரலால் ஒட்டுகிறார்கள், நகர்கிறார்கள். அதைப் பனித்திரையில் வீசுவது ஜோயலின் திட்டம். நுண்ணிய நீர்த்துளிகளால் ஆன அந்தத் திரைக்குள் ஆள் நுழைந்து நடக்கலாம். படத்திலிருக்கும் பெண்களும் ஆடுபவளும் ஒரே கூடத்தில் நிற்பதுபோல் தெரியும்.

முதன்முதலில் ஓட்டிக் காட்டியபோது மூன்றாவது வரிசையில் இளவேனி வந்தாள். கொண்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. பக்கத்துப் பெண் ஏதோ சொல்ல, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நிறுத்தட்டுமா?" என்றான் ஜோயல்.

"வேண்டாம். ஓடட்டும்" என்றாள் நிதிலா. அக்கா இறந்த வயதைத் தான் எப்போதோ தாண்டிவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நடை தெரிந்தது, விரல் தெரியவில்லை. அதற்குத்தான் தசைப்பதிவு. பழகிய உடம்பில் உறைந்திருக்கும் அசைவைத் தோலில் ஒட்டிய பட்டைகள் வாங்கிக்கொள்ளும். பிறகு ஆடுபவளின் தோலுக்கடியில் செருகிய தசைமுட்கள் அதே அசைவை அவள் கைகளில் எழுப்பும். பட்டைகளை ஒட்டிக்கொண்டு, கூரை போன வெறும் நூற்புக்கூடத்தில் நின்ற புவனமணி, "எனக்கு அந்த வேலை ஒண்ணும் ஞாபகமில்லீங்க தம்பி" என்று ஜோயலிடம் சொன்னாள். ஆனால் வேறொரு ஆலையில் பதிந்த இயந்திர ஓசையை ஜோயல் ஒலிக்கவிட்டதும் அவள் கைகள் தாமாக எழுந்தன. காற்றில் அறுந்த நூலைப் பிடித்தன, ஒட்டின, அடுத்ததற்குத் தாவின. போதும் என்று ஜோயல் ஓசையை நிறுத்திய பிறகும் அவை நிற்கவில்லை.

"போதும்மா. நிறுத்தும்மா" என்று நிதிலா அவள் தோளைப் பிடித்தாள்.

"இரு அம்மிணி. நின்னா நூல் அறுந்துரும். அவ ஒருத்தியே எத்தன ஒட்டுவா?" என்றாள் புவனமணி. அவள் கண், இளவேனி நின்ற வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தது.

நினைவளவை அதிகாரி ரெஹானா பானு நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் வந்தாள். நல்ல பெண். விளக்கு வைக்கும் தரையை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

"ஆட்டத்தப் பாத்தவங்களை மறுநாள் காலையில அளவிப் பந்தல் வழியா அனுப்புவோம். தலைக்குள்ள இந்த ஊர் இருக்கா இல்லையான்னு அங்க இருக்கிற அளவிக் கருவி சொல்லிரும். அது சொல்றதை நான் மாத்தி எழுத முடியாதுங்க."

"தும்பிய வெளிய நிறுத்தச் சொல்ல முடியுமா மேடம்?"

"சட்டத்துல இடமில்லம்மா. அது அவங்கவங்க உரிமை. நீங்க கேட்டுப் பாருங்க."

நிதிலா கேட்டாள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பல ஊர்களிலிருந்து வந்து மில் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பொழுது சாய்ந்து, பனித்திரை விரியத் தொடங்கியபோது அவள் முன்னால் வந்து கைகூப்பினாள்.

"இந்தத் தரைக்குக் கீழ எங்க அக்கா இருக்கா. அவளோட சேர்ந்தவங்க இருக்காங்க. நாளைக்கு இந்த இடம் தப்பிக்கிறது உங்க தலைக்குள்ள இருக்கு. தயவுசெஞ்சு தும்பியப் பையில போட்டு மூடிக்குங்க. ஒரு மணி நேரம். எங்க குழுவுலயும் யாரும் பதிய மாட்டோம். கண்ணால மட்டும் பாருங்க. உங்க கால்ல விழுந்து கேக்குறேன்."

உண்மையிலேயே விழுந்தாள். கூட்டம் உருகிவிட்டது. பைகள் திறந்தன, தும்பிகள் உள்ளே போயின. சிறகோசை அடங்கிய முற்றத்தில் வெறும் மனிதர்கள் மூச்சுவிடும் ஓசை கேட்டது. பலருக்கு அது புதிது.

ஆட்டம் தொடங்கியது. பனிக்குள் பெண்கள் நடந்தார்கள். அவர்களுக்கு நடுவே நிதிலா நடந்தாள். தசைமுட்கள் விழித்து, அம்மாவின் கைகள் அவள் கைகளுக்குள் வந்தன. இளவேனி குனிந்தபோது அவளும் குனிந்தாள். இளவேனி ஒட்டிய நூலுக்கு அடுத்த நூலை அவள் ஒட்டினாள். அக்காவும் தங்கையும் ஒரே இயந்திரத்தின் இரு முனைகளில் வேலை செய்தார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் தன்னையறியாமல் விரல்களை அசைத்துப் பார்த்தார். பிடித்துக்கொள்கிறார்கள் என்று நிதிலாவுக்குத் தெரிந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு மனித மூளைகள் ஒன்றைப் பிடித்துக்கொள்ள முயன்றன.

பிறகு, படத்தில், வலது ஓரத்தில் புகை வந்தது.

பெண்கள் பின்கதவுக்கு ஓடினார்கள். இளவேனி மட்டும் பாதியில் நின்று, தன் இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நேர் எதிரே போய் நின்றாள் நிதிலா. இருவர் முகமும் பனியில் ஒன்றுக்குள் ஒன்று கலந்தன. முற்றத்தில் யாரோ தேம்பினார்கள்.

அப்போது முதல் தும்பி எழுந்தது.

பதியும்போது எரியும் அதன் வால்விளக்கு சிவப்பாக மின்னியது. அதைப் பார்த்துப் பக்கத்தில் இன்னொன்று, பின்வரிசையில் ஐந்தாறு, பிறகு எண்ண முடியவில்லை. இவ்வளவு அழகான ஒன்றை விட்டுவிடக் கூடாதே என்ற தவிப்பில் ஆட்கள் பைகளைக் கிழிக்காத குறையாகத் திறந்தார்கள். முற்றம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். நிதிலா ஆடியபடியே கத்தினாள். "வேண்டாம்! உள்ள போடுங்க!" அதுவும் நடனத்தின் பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அவளுக்கு ஒரு வழிதான் தோன்றியது. நன்றாக இருப்பதால்தானே பதிகிறார்கள். கேவலமாக ஆடினால் நிறுத்திவிடுவார்கள்.

வேண்டுமென்றே தாளம் தப்பினாள். காலைத் தாறுமாறாக வைத்தாள். தசைமுட்கள் விடவில்லை, அம்மாவின் கைகள் அவள் கைகளைச் சரியான நூலுக்கே இழுத்தன. அவள் அவற்றோடு மல்லுக்கட்டினாள். பிள்ளையைக் காப்பாற்றத் துடிக்கும் கைகளை உதறிவிட்டு ஓடுவதுபோல் இருந்தது அவளுக்கு. இடறினாள். விழுந்தாள். எழுந்து மறுபடி விழுந்து முழங்கால் பிளந்தது.

அதுவரை கட்டுப்பாடாக இருந்த மிச்சம் மீதித் தும்பிகளும் அப்போது எழுந்துவிட்டன. மேடையில் ஒருத்தி விழுவதை யார்தான் விடுவார்கள்?

படம் முடிந்து பனி கலைந்தபோது நிதிலா தரையில் கிடந்தாள். முதல் வரிசையில் அம்மா. அவள் முகத்தருகே அவளுடைய தும்பி மிதந்தது.

"நீயுமாம்மா?"

"அவ மொகம் இன்னொருக்காக் கெடைக்குமோ கெடைக்காதோன்னு பயந்துட்டேன் அம்மிணி" என்று புவனமணி அழுதாள். "கையி தானாப் பைய அவுத்துருச்சு."

மறுநாள் காலை அளவிப் பந்தலில் வரிசை நின்றது. வந்தவர்கள் எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். "அருமையான நிகழ்ச்சிங்க. என்ன நிகழ்ச்சின்னு தும்பியக் கேட்டாச் சொல்லும்" என்றார் ஒருவர். சிலர் தலையில் பனியின் குளிர்ச்சி மட்டும் இருந்தது. சிலர் தலையில் யாரோ காலில் விழுந்தது இருந்தது, எதற்கென்று இல்லை. விரலை அசைத்துப் பார்த்த பெரியவர் மட்டும் பந்தலைத் தாண்டியும் விரலை அசைத்துக்கொண்டே போனார். ஊர்க்காரர்களோடு சேர்த்துக் கூட்டியும் கணக்கு ஆயிரத்தை நெருங்கவில்லை.

"மன்னிச்சுக்கங்க" என்றாள் ரெஹானா பானு. அவள் கண் கலங்கியிருந்தது. "உங்க ஆட்டந்தாங்க இந்த மாவட்டத்துலயே அதிகமாப் பதிவான ஆட்டம். நேத்து ராத்திரியோட பழைய நினைவுக்கிடங்கு நிரம்பி வழியுது. அதனால இங்க வேலையை உடனே தொடங்கச் சொல்லிட்டாங்க."

"இங்க என்னதான் கட்டப்போறீங்க?"

ரெஹானா தயங்கினாள். "புதுக் கிடங்குங்க."

நிதிலா வீட்டுக்குத் திரும்பியபோது புவனமணி மலர்ந்த முகத்தோடு வாசலுக்கு வந்தாள். "நேத்து நீ ஆடினியாமே அம்மிணி! தும்பி சொல்லுச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சாமா."

தோண்டும் இயந்திரங்கள் வந்த நாளில் ஊர்க்காரர்கள் விளக்குத் தரையைச் சுற்றிக் கைகோத்து உட்கார்ந்தார்கள். நிதிலாவை நான்கு காவல் இயந்திரங்கள் தூக்கிக்கொண்டு போயின. அதைப் பார்க்கவும் நல்ல கூட்டம். தும்பிகளுக்கு அன்றும் வேலை இருந்தது.

ஆறு ஆண்டுகள் கழித்து, மாற்றுக் குடியிருப்பில் புவனமணி இறந்துபோனாள். காரியம் முடிந்த மறுவாரம் நிதிலா நூற்பாளையம் நினைவுக்கிடங்குக்குப் போனாள். ஜன்னல் இல்லாத அந்தக் கட்டடம் கிழக்கு மில்லைப்போல் நான்கு மடங்கு பெரிது. அக்காவின் பழைய படங்கள் ஜோயலிடம் இருந்தன. ஆனால் அக்காவோடு சேர்ந்து தான் ஆடியதை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அது இந்தச் சுவர்களுக்குள் மட்டும்தான் இருந்தது.

பார்வை அறையில் நாற்காலி இல்லை.

"மன்னிக்கவும்" என்றது பணியாள் இயந்திரம். "ஒரு பதிவை உட்கார்ந்து பார்க்க வந்த முதல் ஆள் நீங்கள்தான்." எங்கிருந்தோ ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டது.

முதல் பதிவு ஓடியது. நடுத்தர வயது ஆள் ஒருவர் பல் தெரியச் சிரித்தார். அவர் முகம் திரையை நிறைத்திருந்தது. பின்னால் எங்கோ வெள்ளையாக ஏதோ அசைந்தது. இரண்டாவது பதிவில் ஒரு பெண், தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டு. மூன்றாவதில் மூன்று தோழிகள், கன்னத்தோடு கன்னம் ஒட்டி.

"ஆட்டம் எங்க?" என்றாள் நிதிலா.

"பின்னணியில் இருக்கிறது" என்றது இயந்திரம். "நிகழ்ச்சிகளில் தும்பி சொந்தக்காரரின் முகத்தைத்தான் நடுவில் வைக்கும். அவர் அங்கே இருந்தார் என்பதற்குத்தானே பதிவு. எல்லாப் பதிவுகளும் இப்படித்தான்."

அவள் விடாமல் பார்த்தாள். நூறு முகங்கள், இருநூறு முகங்கள். சிரிக்கும் முகம், அழுவதுபோல் வைத்துக்கொண்ட முகம், மேடையில் ஒருத்தி விழுவதை விரலால் காட்டும் முகம். கடைசியில் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கேட்டாள்.

புவனமணி திரைக்கு வந்தாள். உயிரோடு இருந்தபோதுகூட நிதிலா அவ்வளவு நெருக்கத்தில் அம்மாவைப் பார்த்ததில்லை. கன்னத்து மரு, கண்ணீர், துடிக்கும் உதடு. அம்மா தும்பியைப் பார்க்கவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தும்பி அவளுக்குப் பக்கவாட்டில் சற்றுப் பின்னால் மிதந்ததால், மேடையில் பாதியை அம்மாவின் தலையே மறைத்தது. அந்தத் தலைக்கு அப்பால், பனிக்குள், இரண்டு உருவங்கள் எதிரெதிரே நின்றன போலிருந்தது.

"கொஞ்சம் நகரும்மா" என்றாள் நிதிலா. சொல்லிவிட்டு, கழுத்தை ஒருபக்கமாக வளைத்து, திரையின் ஓரத்தில் எட்டி எட்டிப் பார்த்தாள்.