நிலைக்காலில் ஐந்தாவது தட்டு

குமாரபாளையத்தில் தறிச் சத்தம் ஓய்வது மாதத்தில் ஒரே ஒரு பகல்தான். பராமரிப்பு வேலை என்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்டை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு ஊருக்கே காது அடைத்துப் போனதுபோல் இருக்கும். தன் குரலே தனக்குப் பெரிதாகக் கேட்கும். பேய்க்கதை என்றால் இருட்டு வேண்டும் என்று நினைக்காதீர்கள் சாமிகளா. இது பட்டப்பகலில் நடந்தது.

அப்படியொரு சித்திரை மாதத்து மின்தடை நாளில் அக்சிலியா தன் ஸ்கூட்டரை மோகன்குமாரின் தறிப்பட்டறை முன்னால் நிறுத்தினாள். வெளிப்பக்கமாக ஏறும் இரும்புப் படிகளில் மேல்மாடி அறைக்குப் போனாள். நூல் மூட்டைகளும் கஞ்சி வாடையும் நிறைந்த அறை. நடுவில் பழைய மேசை. சுற்றி ஐந்து நாற்காலிகள்.

ஐந்தாவதை யாரும் அகற்றவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை.

அவர்கள் அங்கே கூடுவது ஒரு விளையாட்டுக்காக. ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தி மந்திரக்காரி, ஒருவன் வாள்வீரன். மோகன்குமார் கதையை நடத்துவான். "குகைக்குள்ள இருட்டா இருக்குதுங்க, என்ன பண்றீங்க?" என்பான். மற்றவர்கள் வாயாலேயே குகைக்குள் இறங்கி வாயாலேயே சண்டை போடுவார்கள். வெட்டு விழுந்ததா, தப்பியதா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். தறி ஓடினால் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. அதனால்தான் மின்தடை நாள்.

விளையாட்டின் மூலப் புத்தகத்தில் பன்னிரண்டு வேடங்கள். அது போதாமல், இணையத்தில் யாரோ எழுதிப் போட்ட கூடுதல் வேடங்களையெல்லாம் அக்சிலியாவின் தம்பி வின்சென்ட் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து ஸ்பைரல் போட்டுக் கொண்டுவந்திருந்தான். நண்பன் அறிவழகன் அதிலிருந்து சூதாடி வேடம் எடுத்து, ஒரே பகலில் இரண்டு முறை செத்தான். அவன் மனைவி சௌமியாவுக்கு வாய்த்த தேனீக்காரி வேடத்துக்குத் தேனீக்கள் கடைசிவரை கட்டுப்படவே இல்லை. வின்சென்ட் தனக்கு எடுத்துக்கொண்டது வாசல்காவலன்.

"இதென்னடா பவரு? வாட்ச்மேன் வேலைக்கெல்லாம் ஒரு புக்கா?" என்று அறிவழகன் சிரித்தது அக்சிலியாவுக்கு இன்னும் காதில் நிற்கிறது.

வாசல்காவலனுக்கு விதி கொஞ்சம்தான். கூட்டாளிகள் உள்ளே இருக்கும்வரை வாசலை விட்டு நகரக் கூடாது. வெளியே வருகிற ஒவ்வொருவருக்கும் நிலைக்காலில் ஒரு தட்டுத் தட்டி எண்ண வேண்டும். எல்லோரும் வந்தபிறகு, தலைமை தாங்குகிறவர் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அவன் வெளியே வரலாம்.

தலைமை அக்சிலியாதான். வின்சென்ட் விளையாட்டில் அப்படியே மூழ்கிவிடுவான். யாராவது தண்ணீர் குடிக்க எழுந்து போனால்கூட அந்த அறையின் நிலைக்காலில் விரல் முட்டியால் 'டொக்' என்று தட்டுவான்.

போன புரட்டாசியில் கரண்ட் சீக்கிரமே வந்துவிட்டது. விளையாட்டை குகையின் பாதியிலேயே விட்டுவிட்டு எழுந்தார்கள். "நான் கூப்பிடற வரைக்கும் வாசல விட்டு நகரக் கூடாது, தெரிஞ்சுதா?" என்றாள் அக்சிலியா, விளையாட்டாக.

"உத்தரவுங்க தலைவி," என்றான் அவன்.

நாலாம் நாள் சங்ககிரி ரோட்டில் பைக்கோடு விழுந்து, போய்ச் சேர்ந்துவிட்டான்.

ஏழு மாதம் யாரும் இங்கே கூடவில்லை. இப்போது அவளே எல்லோருக்கும் போன் செய்து வரவழைத்திருந்தாள். வந்து உட்கார்ந்ததும், "அவன் வேடத்த மட்டும் முடிச்சுராதீங்க. அவன் வாசல்லயே நிக்கட்டும்," என்றாள்.

மோகன்குமார் பகடையைக் கையில் எடுத்தான். குகையின் பாதியில் நின்ற கதையைத் தொடர்ந்தான்.

பத்தரை மணிவாக்கில் சௌமியா தண்ணீர் எடுக்க எழுந்து வெளியே போனாள்.

டொக்.

உள்ளே இருந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சௌமியா வாசலுக்கு வெளியே நின்றபடியே, "யாருங்க தட்டுனது?" என்றாள்.

"மரம் வெயிலுக்கு வெடிக்குது புள்ள. வா உள்ள," என்றான் அறிவழகன்.

அவள் உள்ளே வந்தாள். இந்த முறை தட்டு விழவில்லை. அறிவழகன் எழுந்து, சிரித்துக்கொண்டே வாசலைத் தாண்டினான்.

டொக்.

அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"மாப்ள," என்றான் உள்ளே திரும்பி வந்து மெதுவாக, "எனக்கு வெளையாட்டுப் போதும்டா."

"ஏனுங்க அக்சிலியா, எந்திரிங்க, போயிரலாமுங்க," என்றான் மோகன்குமார். கையிலிருந்த பகடையை மேசைமேல் போட்டுவிட்டு எழுந்தான்.

அக்சிலியா எழுந்தாள். ஆனால் அவள் முகத்தில் பயம் இல்லை. தொலைந்துபோன குழந்தையின் குரலைச் சந்தைக் கூட்டத்தில் கேட்டவள்போல இருந்தாள். வாசலைத் தாண்டினாள்.

டொக்.

உள்ளே வந்தாள். மறுபடி தாண்டினாள்.

டொக்.

"அக்கா, வேண்டாங்க்கா," என்று சௌமியா அழுதாள். அக்சிலியா கேட்கவில்லை. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. ஒவ்வொரு தட்டுக்கும் அவள் உதடு சிரித்தது. ஏழு மாதமாகக் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிப் பேசிய பேச்சுக்கெல்லாம் வராத பதில், இங்கே விரல் முட்டியில் வந்துகொண்டிருந்தது. தினமும் வரலாம். சாவியை வாங்கிக்கொள்ளலாம். தம்பி இங்கேயே இருப்பான்.

ஒன்பதாவது முறை தட்டு தாமதமாக வந்தது. மெல்ல, சோர்ந்து.

அவள் வாசலிலேயே நின்று காது கொடுத்தாள். தறியில்லாத அந்த அமைதியில், நிலைக்காலை ஒட்டி, தரையில் இன்னொரு சத்தம்.

சர்ர்.

செருப்பு இடம் மாறும் சத்தம்.

கொஞ்ச நேரம் கழித்து, சர்ர். மற்றக் காலுக்கு.

அக்சிலியாவுக்கு அந்தச் சத்தம் தெரியும். பத்து வயதில் முட்டி உடைந்தவன் வின்சென்ட். அவனால் நெடுநேரம் நிற்க முடியாது. பெரிய வெள்ளியன்று கோயில் முற்றத்தில் இயேசு பட்ட பாடுகளை வாசித்து முடியும்வரை எல்லோரும் நிற்கும்போது, அவன் மட்டும் இப்படித்தான் கால் மாற்றி மாற்றிச் செருப்பைத் தேய்ப்பான். "இன்னும் எவ்வளவு நேரம்க்கா?" என்று காதருகில் கேட்பான்.

ஏழு மாதமாக நிற்கிறான்.

அவள் சொன்னதால் நிற்கிறான்.

"எல்லாரும் வெளிய போங்க," என்றாள். "ஒவ்வொருத்தரா."

சௌமியா போனாள். டொக். அறிவழகன். டொக். மோகன்குமார் ஸ்பைரல் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடியபடி தாண்டினான். டொக். கடைசியாக அக்சிலியா.

டொக்.

மேல்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். காலி அறை. ஐந்து நாற்காலிகள். கூப்பிட்டால் போய்விடுவான். இனி ஒரு தட்டும் கேட்காது. வாயைத் திறந்தாள், மூடினாள், சேலைத் தலைப்பைக் கடித்தாள்.

சர்ர்.

"வின்சென்ட்டு," என்றாள். "போதும் சாமி. எல்லாரும் வந்துட்டோம். நீயும் வா."

அவன் தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெய் வாசம் அவள் தோளை உரசிக்கொண்டு கடந்தது. இரும்புப் படியில் காலடி. ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து. ஒவ்வொரு படியாக இறங்கி, கீழே மண்ணைத் தொட்டதும் நின்றுபோனது. அவள் படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மோகன்குமார் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினான். சாவியை எடுக்கும்போது, கதவுக்கு உள்ளேயிருந்து கேட்டது.

டொக்.

தெளிவாக, உறுதியாக. சோர்வே இல்லாத கை.

"அவன்தான் எறங்கிப் போயிட்டானே," என்றாள் அக்சிலியா, முகத்தைத் துடைத்தபடி. "அவன எண்ணுனது யாரு?"

மோகன்குமார் ஸ்பைரல் புத்தகத்தைப் புரட்டினான். வாசல்காவலன் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், இதுவரை யாரும் படித்துப் பார்க்காத ஒரு வரி இருந்தது. 'காவலன் விலகினாலும் வாசல் காலியாக இருக்காது.'

அன்றைக்கும் கரண்ட் சீக்கிரமே வந்துவிட்டது. கீழே தறிகள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. அதற்கப்புறம் அந்த ஊரில் வேறெதுவும் கேட்கவில்லை.

மோகன்குமார் இப்போதெல்லாம் மின்தடை நாளன்று ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துத் தறி ஓட்டுகிறான். "டீசலுக்குக் கட்டுப்படியாவாதுங்க," என்று ஓட்டுகிறவர்களே சொல்கிறார்கள். "சத்தம் நிக்கக் கூடாதுங்க, அவ்வளவுதான்," என்கிறான். மேல்மாடி அறையை அன்றிலிருந்து யாரும் திறக்கவில்லை. உள்ளே யாரும் இல்லை.

போன மாதம் ஜெனரேட்டர் இருமி, அரை நிமிடம் நின்றுவிட்டது கண்ணுகளா. பட்டறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

பூட்டிய அந்த அறையிலிருந்து யாரோ வெளியே வந்ததற்கு, ஒரு தட்டு.

அப்புறம், படியில் காலடி.