முதலில் வலது கால்

மழையை மன்னித்துவிடலாம்... அந்தக் காரைத்தான் மன்னிக்க முடியவில்லை.

வேகமாக வந்து அடித்திருந்தாலாவது ஒரு நியாயம் இருந்திருக்கும். தலையில் டிரைவிங் ஸ்கூல் பலகையைச் சுமந்துகொண்டு ஆமை மாதிரி வந்த அந்தக் கார், தெருவிலிருந்த ஒரே பள்ளத்தைத் தேடிப் பிடித்து, குதித்து இறங்கி, டான்ஸ் டீச்சரின் புடவையை முழங்கால் வரை நனைத்துவிட்டு நின்றது.

"கண்ணு தெரியல?"

பக்கத்து இருக்கையிலிருந்து ஒருவன் குடையோடு இறங்கி ஓடிவந்தான். ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்தபடி ஓர் அம்மாள், இதோ அழுதுவிடுவேன் என்று உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க. அவங்களுக்கு இன்னைக்குத்தான் முதல் நாள். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க. என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு... மிதிக்காம விட்டது நான்தான்."

அடுத்தவர் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் ஆண்களை அவள் அதிகம் பார்த்ததில்லை. இமையில் மழைத்துளி நிற்க நிற்க, கண்ணைச் சிமிட்டாமல் அவன் பார்த்த பார்வை... சே! புடவை நனைந்து கிடக்கும்போது இமையை யார் பார்க்கச் சொன்னது?

நீட்டிய குடையை வாங்காமலே நடந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து அதே குடை அவளுடைய மாடி வகுப்புக்குப் படியேறி வந்தது. குடைக்குக் கீழே அவனும் ஓர் ஆறு வயதுச் சிறுமியும்.

"என் அக்கா பொண்ணு. குருவின்னு கூப்பிடுவோம். அக்கா நர்ஸ், ஷிஃப்ட் மாறி மாறி வரும். அதனால நான்தான் டான்ஸ்ல சேர்த்துவிட..." நிமிர்ந்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயையோ!"

"மாமா, டீச்சர் புடவையெல்லாம் சேறு!" என்றது குருவி.

டீச்சர் சிரிப்பை உதட்டுக்குள் மடக்கிக்கொண்டாள். "டான்ஸ் எதுக்குக் கத்துக்கணும்?"

"அம்மா டூட்டி முடிஞ்சு வந்ததும் ஆடிக் காட்டணும். அம்மா ரொம்ப டயர்டா இருப்பாங்க."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை. "மூணு மாசம் பாப்பேன். கால் பழகலைன்னா அடுத்த வருஷம்தான். சொன்ன வார்த்தையை நான் மாத்தறதில்ல" என்றாள் அவனிடம்.

வகுப்பு நடந்தது. முழங்காலை இருபுறமும் விரித்து மடக்கிப் பாதி உட்கார வேண்டும். அதற்கு அரைமண்டி என்று பெயர். அப்படியே நின்று, தெய்யா தெய் என்று கட்டையில் கோல் விழும்போது, முதலில் வலது காலைத் தட்ட வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் வலது காலைத் தட்டினார்கள். முதல் நாள் குருவியும் அப்படியே. மறுநாளிலிருந்து அது மட்டும் இடது காலைத் தட்டியது.

பின்னால் பெஞ்சில் பெற்றோர்கள் செல்போனில் மூழ்கிக் கிடக்க, அவன் மட்டும் நோட்டும் பேனாவுமாக இருந்தான். ஒரு நாள் எட்டிப் பார்த்தாள். பக்கம் பக்கமாகப் பாதங்கள், அம்புக்குறிகள்.

"இதென்ன, டிராஃபிக் சிக்னலா?"

"வீட்டுக்குப் போனதும் மறந்துடறா டீச்சர். அதான்..." காது சிவந்தது அவனுக்கு.

அன்று வீட்டுக்குப் போகும்போது, ஏதாவது ஒரு பள்ளத்தில் அந்தக் கார் இறங்குகிறதா என்று தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

மூன்றாவது மாதமும் முடிந்தது. குருவி இன்னமும் இடது கால்தான். "வலது!" என்றால் மாற்றிக்கொள்ளும், அடுத்த நாள் மறுபடி இடது.

"ஊருக்கெல்லாம் லெஃப்ட் ரைட் சொல்லிக் குடுக்கறவர் நீங்க. உங்க வீட்டுப் பிள்ளைக்கு வலது கால் எதுன்னு தெரியலையே!" விளையாட்டாகத்தான் சொன்னாள். பெஞ்சு மொத்தமும் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு வருஷம் போகட்டும்" என்று முடித்தாள்.

"தினமும் பழகறா டீச்சர்..."

"நான் முதல்லயே சொல்லிட்டேன்."

"சரிங்க." அவ்வளவுதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டான். அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "நான் என்ன தப்புப் பண்ணேன் டீச்சர்?" என்று கேட்டபடியே குருவி படியிறங்கிப் போனது.

அந்தக் கேள்வி போகவில்லை. பெஞ்சின் மூலையில் குருவி விட்டுப்போன தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. யோசிக்க யோசிக்க ஒன்று புரிந்தது... அந்தப் பிள்ளை ஒரு நாள்கூடத் தாளம் தப்பியதில்லை. முதல் அடி ஒன்றுதான் தப்பு. தினம் தினம் ஒரே தப்பு. ஏன் என்று ஒரு தடவையாவது கேட்டாளா?

கேட்கப் போகலாம்தான். ஆனால் சொன்ன வார்த்தை? வறட்டு கௌரவம் அவளை ஒரு வாரம் இழுத்துப் பிடித்தது. எட்டாம் நாள், பாட்டிலைச் சாக்கு வைத்துக்கொண்டு, தூறலில் டிரைவிங் ஸ்கூலுக்குக் கிளம்பினாள்.

சுவர் நிறையச் சாலைக் குறியீடுகள் ஒட்டிய ஒற்றை அறை. மேஜை ஓரமாகத் தள்ளப்பட்டிருந்தது. நடுவில் குருவி. அதற்கு நேர் எதிரே பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, தொடை நடுங்க நடுங்க அரைமண்டியில் அவன்!

"தெய்யா... தெய்!"

குனிந்து தன் காலையே பார்த்தபடி அவன் வலது காலைத் தட்டினான். எதிரே இருந்த குருவி, மாமாவின் கால் அசைந்த பக்கத்துக் காலைத் தட்டியது.

இடது கால்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே கண் நிறைந்துவிட்டது. வகுப்பிலிருந்து அனுப்பிவிட்ட பிறகும் பழகுகிறார்கள்...

"நிறுத்துங்க!"

அவன் தடுமாறி மேஜையைப் பிடித்துக்கொண்டான். "டீச்சர்! நீங்க..."

"எதிர்ல நின்னு சொல்லிக் குடுக்கறவங்க இடது காலைத் தட்டணும். அப்பதான் பிள்ளைங்க வலது காலைத் தட்டும். நாங்க எல்லாரும் அப்படித்தான் செய்வோம். பழகிப்போனதால அதைப் பத்தி நினைக்கறதே இல்ல."

அவன் முகம் விழுந்துவிட்டது. "அப்ப... மூணு மாசமா நானேதான் அவளைக் கெடுத்தேனா? கீழ விழாம நிக்கற கவலையில என் காலைத்தான் பாத்துட்டிருந்தேன்..."

"இல்ல. தப்பு என் மேல. ஏன்னு கேக்காம உங்களைப் பாத்து எல்லாரையும் சிரிக்க வச்சேன்." மண்டியிட்டுக் குருவியின் கையைப் பிடித்தாள். "நீ ஒரு தப்பும் பண்ணலடா கண்ணு. நாளைக்கே வகுப்புக்கு வரணும். என் வார்த்தையை மாத்திக்கறேன்."

குருவி குதித்த குதியில் மேஜை மேலிருந்த ஃபைல்கள் சரிந்தன. வெளியே மழை வலுத்தது.

"எதிர்ல நின்னா தப்பாப் போகுது..." அவன் மெல்லச் சொன்னான். "பக்கத்துல நிக்கலாமா டீச்சர்?"

"தாராளமா. குருவிக்குப் பக்கத்துல நில்லுங்க."

"நான் குருவியைச் சொல்லல."

அவள் நிமிர்ந்தாள். அதே இமை... அதே பார்வை.

"நோட்டுல எழுதினதெல்லாம் அவளுக்காகத்தான். ஆனா தலையைத் தூக்கினப்பல்லாம் பாத்தது உங்களை. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. சொல்லிட்டேன்... திட்டறதா இருந்தா திட்டுங்க."

"காலடியிலதான் பிரேக் இருக்கே. மிதிச்சிருக்கலாமே?"

"மிதிக்க மனசு வரல."

நல்லவேளை, குருவி புடவையைப் பிடித்து இழுத்தது. "டீச்சர், அம்மா இருக்கும்போது எங்க வீட்டுக்கு வாங்க. நான் சரியா ஆடிக் காட்டறேன்."

"வர்றேன்டா..." அவள் அவனைப் பார்த்துச் சொன்னாள். "வாசல்ல எந்தக் காலை முதல்ல வைக்கணும்னு எனக்கு நல்லாவே தெரியும்."