வெறுந்தட்டு

டைகர் என்று பெயர் வைத்தால் மட்டும் புலியாகிவிட முடியுமா? பக்கத்து வீட்டு நாய் டைகர் காக்கையைக் கண்டால்கூட வாலைச் சுருட்டிக்கொள்ளும்.

முத்தாபுதுப்பேட்டையில் அந்த டிசம்பர் முழுவதும் மழை. முருங்கை மரத்தில் கட்டியிருந்த டைகர் சேற்றிலேயே கிடந்தது. சங்கிலி குட்டையானது. பக்கத்திலிருந்த தாழ்வாரத்துக்குக்கூட அதனால் போக முடியவில்லை.

அதை வளர்க்கும் தசரதன் மாமா, காலையில் ஒரு கை சோறு வைத்துவிட்டு வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். அத்தை பிரசவத்துக்குப் பிறந்த வீடு போனதிலிருந்து இப்படித்தான். பத்து வயது ஜெயகுமாரிக்கு டைகரைப் பார்க்கப் பார்க்க அழுகையாக வந்தது.

"அம்மா, டைகரை நாம அவுத்துகினு வந்துரலாமா?"

"ஊரான் ஊட்டு நாய்டி! மாமா மனசு கஷ்டப்படும். கம்முனு இரு" என்றாள் அம்மா.

கிறிஸ்துமஸ் அன்று காலை, அம்மா கொடுத்தனுப்பிய கல்கலா இனிப்பும் முறுக்கும் நிறைந்த தட்டோடு ஜெயகுமாரி பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

பலகாரம் வந்த தட்டை அந்தத் தெருவில் யாரும் வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். மாமா டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தார். சர்க்கரை டப்பாவில் எறும்புதான் இருந்தது.

"வெறுந்தட்டை எப்டிம்மா குடுக்கறது?"

"டைகரைக் குடுங்க மாமா."

"இன்னாது?"

"நீங்க வேலைக்குப் போற நேரம் மட்டும் எங்க ஊட்ல இருக்கட்டும். நீங்க வந்ததும் நானே கூட்டிகினு வந்து உட்டுர்றேன்."

மாமா வாசலுக்கு வந்து டைகரைப் பார்த்தார். உடம்பெல்லாம் சேறு. கழுத்தில் முடி உதிர்ந்திருந்தது. அவர் முகம் வாடிவிட்டது.

"எனக்கே வேளைக்குச் சோறு இல்ல. அந்த ரோதனைல இத மறந்தே பூட்டேன். இனிமே ராத்திரில தாழ்வாரத்துலயே கட்டறேன்மா. இப்பவே கூட்டிகினு போ. அதுக்கும் பண்டிகைதானே!"

சங்கிலியை மரத்திலிருந்து அவிழ்த்து, நுனியைச் சுருட்டித் தட்டில் வைத்தார்.

வீட்டில் அம்மா தட்டைப் பார்த்தாள். சங்கிலியைப் பார்த்தாள். அதன் மறுமுனையைப் பார்த்தாள்.

"இன்னாடி இது?"

"மாமா ஊட்ல சர்க்கரை இல்லம்மா!"

அதற்குள் டைகர் உடம்பை ஓர் உதறு உதறியது. அம்மாவின் புதுப் புடவை முழுக்கச் சேறு! டைகர் பயந்துபோய் வாலைச் சுருட்டிக்கொண்டது. திட்ட வாயெடுத்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பாத்துகினே நிக்கிறியே, அதுக்கு ஒரு தட்டுல சோறு போடு. அந்தத் தட்டு மட்டும் வெறுந்தட்டாவே வரலாம்!"

அப்படியே வந்தது, கழுவி வைத்ததுபோல.